கிஸ்மிஸுக்கு உப்புப் பார்த்த கதை

பூனைக்குச் சமைப்பதில் பெரிய பாடு மீனுக்கு முள் எடுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது இல்லை. உப்புப் போடாமல் இருப்பதுதான் பெரும்பாடு. காலமெல்லாம் அடுப்படியில் நின்ற கை, பானை கொதித்ததும் தானாக உப்பு டப்பாவுக்குப் போகும். யாரையும் கேட்டுக்கொண்டு போகாது. அக்தர் பானு லாத்தாவின் கையும் அப்படித்தான் போயிற்று. நடந்தது எல்லாவற்றுக்கும் அந்தக் கையைத்தான் நான் காரணம் சொல்வேன். கேட்கிறீர்கள் என்பதால் மற்றதையும் சொல்கிறேன்.

என் பெயர் இசக்கிசெல்வி. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், குடிசைகளை இடித்துக் கட்டிக்கொடுத்த கட்டடத்தில் ஐந்தாவது மாடி. லாத்தாவுக்கு எதிர்வீடு. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் மேலப்பாளையம், நாங்கள் வள்ளியூர்ப் பக்கம். பம்பாய்க்கு வந்தபின் எல்லாம் ஒரே ஊர்தான். லாத்தாவின் வீட்டுக்காரர் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் ஷகீலுக்குக் குர்லாவில் ஸ்கூல் பைக் கடை, அங்கேயே குடித்தனம். மருமகள் சஃப்ரீன் இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழில் ஆரம்பித்த பேச்சு ஹிந்தியில் போய் முடியும். ஆக, எதிர்வீட்டில் லாத்தாவும், உலர்ந்த திராட்சை நிறத்தில் ஒரு பூனையும் மட்டும். பூனையின் பெயர் கிஸ்மிஸ். தடுப்பூசி போடச் செம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போன இடத்தில், "துணைக்கு யாரு வந்திருக்கா" என்று டாக்டர் கேட்டதற்கு, "சின்ன மவன் வந்திருக்கான்ல" என்று பூனையைக் காட்டினாராம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட எனக்குத் தெரியும் என்று இந்தக் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. மிகைப்படுத்துகிறார்கள். என் மாடி மட்டும்தான் தெரியும். நாலாவது மாடி ஓரளவுக்கு.

என் வீட்டுக்காரர் பூதத்தானுக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது, உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, மீன் கறியை அளவாகச் சாப்பிடு என்றார்கள். அவர் அளவு தெரிந்த மனிதர் இல்லை. உப்பே வேண்டாம், மீனே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கில்லாதது இந்த வீட்டுக்குள்ள எதுக்குளா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுரைக்காய், அவரைக்காய், புடலங்காய். எல்லாம் உப்பில்லாமல்.

இதை நான் மற்றவர்களிடம் வேறு மாதிரி சொன்னேன். அவர் விட்டதை நானும் விட்டுவிட்டேன், யாரும் சொல்லவில்லை, என் மனசுக்கே தோன்றியது என்று லிஃப்டுக்குக் காத்திருந்த இடத்தில் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாடி மீனாட்சியம்மாள் தன் மருமகளைக் கூட்டிவந்து என்னைக் காட்டி, "பொம்பளன்னா இந்தா, இப்பிடி இருக்கணும்" என்றாள். அப்படி ஒரு பெயர் வந்தபிறகு, எதிர்வீட்டில் பாங்டா மீன் வறுபடுகிற வாசனை வருகிறது என்பதற்காக ஒரு துண்டு கொடுங்கள் என்று போய் நிற்க முடியுமா? லாத்தாவிடம் கேட்டிருந்தால் சட்டியோடு கொடுத்திருப்பார். அவர் மனசு அப்படி. ஆனால் கேட்க முடியாது. அதுதான் விஷயம்.

நோன்பு மாதம் வந்தால் எங்கள் மாடியில் எனக்குத் தனி மவுசு. நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். நோன்பு இல்லாத ஆள் ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி எப்போதும் நான்தான். சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொன்ன பிறகு வீடு வீடாகக் கூப்பிடுவார்கள், ஒரு கரண்டி உள்ளங்கையில் ஊற்றி, "உப்பு எப்பிடியிருக்கு செல்வி?" என்பார்கள். நான் விரதம் எடுத்த கதை தெரிந்தபின், கறி போடுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். நானும் ருசி பார்த்து, ஒரு கல் போடலாம், போதும், சரியாக இருக்கிறது என்று சொல்வேன். என் நாக்கை ஐந்தாவது மாடி நம்பியது. அப்படியே அந்தந்த வீட்டில் யார் வந்தார்கள், யார் யாரோடு பேசவில்லை என்பதும் பார்த்துக்கொண்டு வருவேன். அதற்குத் தனியாகப் போக வேண்டியதில்லை அல்லவா.

இந்த வருஷம் நோன்பில் ஒரு நாள் லாத்தா சட்டியோடு என் வாசலில் வந்து நின்றார். முகமே சரியில்லை.

"ஏட்டி செல்வி, ஒரு ஒதவி. நீ கவிச்சி தொடமாட்டேன்னு தெரியும். ஆனாக்க இந்தப் பாழாப்போன கை உப்பப் போட்டுச்சா போடலையான்னே எனக்கு நெனவில்ல. நான் நோன்பு, வாயில வைக்க முடியாது. இதுக்கு உப்பு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் தலதலயா அடிச்சிக்கிட்டாரு."

"எதுக்கு லாத்தா?"

"கிஸ்மிஸுக்குத்தான்."

சட்டியில் கோழி ஈரல். வேகவைத்து, பொடியாகக் கிள்ளி, அது வெந்த தண்ணீரிலேயே ஒரு கை சோற்றைக் குழைத்து, மேலே முட்டை மஞ்சள்கருவை உதிர்த்திருந்தார். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷமாம், அதனால் இல்லை. மிளகாய் இல்லை, மசாலா இல்லை. ஆவி பறந்தது.

"வாயில்லா ஜீவனுக்காகத் தொட்டா ஒண்ணும் ஆவாது லாத்தா. குடுங்க" என்றேன்.

ஒரு ஸ்பூன்தான். மற்றவர்களுக்கு அது சப்பென்று இருந்திருக்கும். எனக்கு உப்பில்லாமல் சாப்பிட்டே நாக்குப் பழகியிருந்ததால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஈரல் நாக்கில் கரைந்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

"உப்பில்ல லாத்தா" என்றேன்.

லாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பூனைக்காக செல்வி விரதத்தையே முறித்தாள் என்று அன்றே மாடி முழுக்கச் சொன்னார். விரதம் எடுத்தபோது வந்த பெயரைவிட முறித்தபோது வந்த பெயர் பெரிது.

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாள் கூப்பிடுவதற்கு முன்பே நான் போய்விட்டேன். உப்பு என்பது அடியில் தங்குகிற பொருள். மேலாக ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்துச் சொல்வது பொறுப்பில்லாத வேலை. அதனால் அடியிலிருந்து ஒன்று. அடியில் இல்லை என்றால் நடுவில் தேங்கியிருக்கலாம். நடுவில் ஒன்று. பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் சுபாவம்.

பெருநாள் முடிந்தது. லாத்தா தானே வாயில் வைத்துப் பார்க்கலாம். பார்க்கவும் செய்தார். ஒரு நாள், நான் சும்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுவிட்டு, "லாத்தா, இன்னைக்கி உப்பு விழுந்திருக்கே" என்றேன். விழவில்லை. லாத்தா இன்னொரு தரம் வாயில் வைத்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியலையேட்டி. சுகர் மாத்திரை தின்னுத்தின்னு என் நாக்கு செத்துப்போச்சு போல" என்றார். அவருக்கு அவர் நாக்கின் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. "கொட்டிரு செல்வி, நான் வேற வைக்கேன்" என்று சட்டியை என் கையில் கொடுத்தார். கொட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. உணவை வீணாக்குவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை.

அதன்பிறகு ஷகீலின் கடையில் வேலைக்கிருந்த பையன் நின்றுபோக, ஸ்கூல் திறக்கிற நேரத்து நெருக்கடிக்கு லாத்தா கல்லாவில் உட்காரப் போனார். காலையில் சமைத்துவைத்துவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் இருட்டுவதற்குள் திரும்புவார். மத்தியானம் கிஸ்மிஸுக்குச் சாப்பாடு வைப்பது என் வேலை. "ஒன்ன நம்பித்தான் போறேன்" என்பார். உண்மையும் அதுதான். வேறு யாரை நம்புவார்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். பூனையைப் பட்டினி போட்டேன் என்று. ஒரு நாளும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு வைத்த சமையலில் அதற்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டு போவேன். யோசித்துப் பாருங்கள்: எண்ணெய் இல்லை, காரம் இல்லை, உப்பு இல்லை. பூனைக்கு எதெல்லாம் ஆகாது என்று டாக்டர் சொன்னாரோ அதில் எதுவுமே இல்லை. நெஞ்சடைப்பு உள்ள மனுஷனுக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு திடமாக இருக்கிற பூனைக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது? பொரியலில் வெங்காயம் கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடுவேன். விஷம் என்று தெரிந்தும் வைப்பதற்கு நான் என்ன கொடுமைக்காரியா.

லாத்தா வீட்டு அடுப்படியில் இருவரும் எதிரெதிராக உட்காருவோம். அதன் தட்டில் அவரைக்காய்ப் பொரியலும் சோறும். என் மடியில் சட்டி. முதல் சில நாள் கிஸ்மிஸ் கத்தியது. காலைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்னங்காலை என் முழங்காலில் வைத்து என் வாயைப் பார்க்கும். பிறகு கத்துவதை விட்டுவிட்டது. உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. விலங்குகளுக்கு நம் நிலைமை புரிகிறது என்று சொல்வார்கள்; நானும் கண்டேன்.

பூனை மெலிந்தது. மழை பிடித்தபோது அதன் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தே எண்ணலாம் போல் ஆகிவிட்டது. லாத்தா செம்பூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தம் எடுத்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல சத்தானதாகப் போடுங்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். ஈரல் இருந்த சட்டியில் பாங்டா வந்தது. பிறகு முள்ளெல்லாம் எடுத்த வாவல் மீன். பிறகு ஆட்டெலும்பை ராத்திரியெல்லாம் வேகவைத்த தண்ணீர். பூனை மெலிய மெலிய லாத்தாவின் சமையல் தேறியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரு தாய் பிள்ளைக்காக இவ்வளவு பாடுபடுகிறபோது குறுக்கே போய்ப் பேசுவது அழகில்லை.

எங்கள் வீட்டில் பூதத்தான் மட்டும் ஒரு நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏளா, அவரக்காயும் சொரக்காயும் தின்னு நான் நூலாப் போயிட்டேன். நீ எப்பிடி இந்தப் பருமன் வாற?"

"மனசு நல்லா இருந்தா எது தின்னாலும் ஒட்டும்" என்றேன்.

சஃப்ரீன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. பூனை இளைத்துவிட்டதே என்று ஒரு நாள் பாக்கெட் தீனி வாங்கிவந்து கொடுத்தாள். நான் லிஃப்டுப் பக்கம் நின்றிருந்தபோது லாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். "அந்தப் பாக்கெட்டுல என்னத்தக் கலக்குறான்னு யாருக்குத் தெரியும் லாத்தா?" என்று. அடுத்த முறை இன்னொரு கேள்வி. "நீங்க இந்த வீட்ட விட்டுட்டு குர்லாவுக்குப் போவாம இருக்கிறது இந்தப் பூனைக்காகத்தான்னு சஃப்ரீனுக்கும் தெரியும்லா?" நான் யார் மேலும் பழி போடவில்லை. கேள்வி கேட்டேன். பதிலை லாத்தாவாகச் சேர்த்துக்கொண்டார். அன்று சாயங்காலம் போனில் அவர் போட்ட சத்தம் நாலாவது மாடி வரைக்கும் கேட்டது. "வாயில்லாத ஜீவனக் கொல்லப் பாக்கியே, நீ நல்லாருப்பியா? என் வாசல மிதிக்காத" என்றார். லாத்தாவுக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

அந்தப் பெண் வருவது நின்றது. லாத்தா கல்லாவுக்குப் போவதும் நின்றது. நாள் முழுக்கப் பூனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. உப்புப் பார்க்கிற ஸ்பூன் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டி வந்தது. ஆனால் லாத்தா மத்தியானம் ளுஹர் தொழுகைக்கு நிற்பார், குளிக்கப் போவார். கிடைத்த நேரத்தில் என் பொறுப்பைச் செய்தேன், பூனைக்கும் என் வீட்டுப் பொரியலில் ஒரு வாய் கொடுத்தேன். லாத்தா தன் கையாலேயே ஊட்டியதில் பூனை ஒன்றிரண்டு வாய் தின்றதும் உண்டு. ஆனாலும் உடம்பு ஏறவில்லை.

கடைசியில் ஷகீல் பெண்டாட்டியோடு நேரில் வந்தான். லாத்தா சண்டை போடவில்லை. சண்டை போட அவரிடம் தெம்பு இல்லை. பூனையோடு சேர்ந்து அவரும் சரியாகச் சாப்பிடுவதை விட்டிருந்தார். "இந்த வீட்ல ஏதோ கண்ணு பட்டிருக்கு. எங்கயாவது உசிரோட இருக்கட்டும்" என்று கிஸ்மிஸைத் துணிப்பைக்குள் வைத்து சஃப்ரீனிடம் கொடுத்தார். எப்படி வேகவைக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர், எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "உப்பு மட்டும் விழுந்திரப்படாது. ஆனா அங்க செல்வி மாதிரி ஒரு ஆளுக்கு நீ எங்க போவ?" என்றார்.

சஃப்ரீன் என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவள் மட்டும் வந்தாள். லாத்தா வீட்டுக்கு இல்லை, என் வாசலுக்கு.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம்."

"வாம்மா. டீ போடட்டா?"

"நகோ ஆன்ட்டி. அன்னைக்கு டாக்ஸியில போறப்போ கிஸ்மிஸ் உல்டி பண்ணிச்சு, சீட்டெல்லாம் வாந்தி. அதுல அவரக்காய் இருந்துச்சு. எங்க மாமிக்கு வாய்வு, அவங்க அவரக்காய் வாங்கறதே இல்ல."

நான் கொஞ்சம் யோசித்தேன். "எலியத் தின்னுருக்கும்மா. அந்த எலி எங்கயாவது அவரக்காயத் தின்னுருக்கும்."

"எலி அத நறுக்கி, வேகவச்சு, தேங்காப்பூ போட்டுத் தின்னுச்சா ஆன்ட்டி?"

நான் வாசல் மிதியடியைக் காலால் நேராக்கினேன். அவளே பேசினாள். குரலை உயர்த்தவில்லை, அதை நான் பாராட்டுகிறேன்.

"அங்க நான் ஸ்பெஷலா எதுவும் போடல. மாமி சொன்ன அதேதான். இப்பவே ஜம்ப் பண்ணி அல்மாரி மேல ஏறுது. காலிபீலி, ஒண்ணுமே பண்ணாத என்னைக் கொலகாரின்னு பேச வச்சீங்க. ஆனா மாமிகிட்ட நான் சொல்லப் போறதில்ல. சொன்னா உங்க கதவு அடச்சிரும். அப்புறம் அவங்க யார்கூட ஆன்ட்டி பேசுவாங்க? இந்த மாடியில அவங்களுக்கு நீங்கதான் இருக்கீங்க. அதான் எனக்கு அழுகையா வருது."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. கவனித்தீர்களா? லாத்தாவுக்கு இந்த மாடியில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள்.

நானும் ஒப்புக்கொள்கிறேன். ருசி பார்த்தேன், ருசி பார்த்தேன் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன். தின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூனையின் சாப்பாட்டை நோன்பிலிருந்து மழை ஓய்கிறவரைக்கும் நான்தான் தின்றேன். மருமகளையும் மாமியாரையும் பிரித்ததும் நான்தான். மறைப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதில் எனக்கென்று எதையும் நான் ஆசைப்படவில்லை என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் இப்போது என் கவலையெல்லாம் லாத்தாவைப் பற்றித்தான். கிஸ்மிஸ் போன நாளிலிருந்து அந்த அடுப்புப் பற்றவில்லை. காலையில் ஒரு பன், ஒரு டீ. சாயங்காலம் அதே பன், அதே டீ. "யாருக்குட்டி சமைக்க?" என்கிறார். மீன்காரி கூடையை இறக்கினாலும் எட்டிப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு வாசனை வருவதில்லை. இப்படியே விட்டால் அந்த மனுஷி என்னத்துக்கு ஆவார்? பக்கத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா.

அதனால் நேற்று நானே பஸ் ஏறி வடாலாவுக்குப் போனேன். தெரிந்தவர்கள் வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. கொடுப்பதற்கு இரண்டு மீதி இருந்தன. ஒன்று கொழுகொழுவென்று இருந்தது. தட்டை வைத்ததும் மற்றதைத் தள்ளிவிட்டு ஒரே மூச்சில் வழித்துத் தின்றது. இன்னொன்று சோனி. இரண்டு நக்கு நக்கிவிட்டு, போதும் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சோனியைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். பாவம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா.